நாலாவது ஆளுக்கு

வடக்கே பனிமலையில் நாலு மட்டக்குதிரைகளுக்கு அதிபதியாக வீற்றிருக்கும் என் மகனுக்கு, தெற்கே மம்சாபுரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு அதிபதியாக வீற்றிருக்கும் உன் சித்தப்பன் எழுதுவது. பெற்றவர் என் அண்ணன். அவர் போன பிறகு உன் ஸ்கூல் பீஸ் முதல் உன் முதல் மீசைக்கான பிளேடு வரை வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் மகன் என்று எழுதுவதற்கு எவனிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாய் திறந்தால் தன்னால் கதை பெருத்துவிடும் என்பது உனக்குத் தெரியும். எலியைப் பார்த்தால் யானை என்பேன், யானையைப் பார்த்தால் மேற்கு மலையே எழுந்து நடந்து வந்தது என்பேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது முதலில் குறைப்பட்டுக்கொண்டாய். "குதிரைக்குக் கயிறு பிடிக்கவா சித்தப்பா பட்டாளத்துக்கு வந்தேன்? அதுக்கு நம்ம ஊர்லயே ரெண்டு மாட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னுருப்பேனே" என்றாய். ரோந்துக்கு நாலு பேர் குதிரையில் போகிறீர்கள். குதிரை ஏறாத செங்குத்து வந்ததும் மூன்று பேர் துப்பாக்கியோடு இறங்கி நடந்து போகிறார்கள். நாலு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் எப்போதும் நீ. நான் சிரித்தேன். பிறகு நீயும் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "போன வாரம் ஒரே மூட்டம். அவிய வாரதுக்குப் பிந்திருச்சு. சொன்ன நேரம் தாண்டிருச்சு. நேரம் தாண்டுனா நிக்கக் கூடாது, கீழ போய்ச் சொல்லணும்னு உத்தரவு. குதிரையெல்லாம் அவுத்துத் திருப்பிட்டேன். கொஞ்ச தூரம் வந்திருப்பேன், பொறத்தால சத்தம் கேட்டுச்சு. பார்த்தா அவியதான். செத்த நேரம் பிந்தியிருந்தா நான் போயிருப்பேன் சித்தப்பா. போறதுதான உத்தரவு. போறது தப்பா?"

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் அருமையாக இருந்தது. அன்று முழுக்க நான் வாயே திறக்காததைப் பார்த்து, உன் சித்தி டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் வந்து பேச வைத்துவிட்டால் என்ன செய்வது என்று வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

உனக்கு உன் தாத்தாவைத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். என் வாய் வழியாகத்தான் தெரியும். என் வாயில் அவர் எப்படி இருந்தார் என்று நினைத்துப் பார். சைக்கிளிலேயே ஆற்றைத் தாவிக் கடந்தார். பெல் அடித்தே ஒரு பட்டாளத்தை விரட்டினார். பர்மா யுத்தம் முடிந்து ராஜபாளையம் மில்லில் வாட்ச்மேனாக நின்றபோது, கோட்டை போல நிற்கும் அந்த ஊர் வேட்டை நாய்களே அவரைக் கண்டால் எழுந்து பின்னங்காலில் நின்று சல்யூட் வைத்தன. இதையெல்லாம் நீ வாய் பிளந்து கேட்டாய். உன் அப்பா அப்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சொன்னதில் நிஜமும் ஒன்றிரண்டு உண்டு. உன் தாத்தா, எங்களுக்கு ஐயா, ஆறடி உயரம். அவருடைய சைக்கிளின் சீட் மட்டும் குள்ளமான ஆளுக்கு வைத்ததுபோல் அடிமட்டத்துக்கு இறக்கியிருக்கும். அவர் பெடல் மிதித்தால் முழங்கால் இரண்டும் தாடையில் வந்து இடிக்கும். வெட்டுக்கிளி சைக்கிள் ஓட்டுவதுபோல் இருக்கும் என்று தெருவே சிரிக்கும். சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரோடு வந்து, "ஐயா, ரெண்டே திருகு, ஏத்தி விட்டுருதேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். ஐயா ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அது இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். இன்னொன்று, அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. நாங்கள் கடைக்குள் போனாலும், கோவிலுக்குள் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், அவர் வெளியே எல்லார் சைக்கிளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். எல்லாரும் திரும்பி வந்த பிறகுதான் கையை எடுப்பார்.

இப்போது நீ ஆயிரம் தடவை கேட்டு நான் ஆயிரம் பொய் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் யாரும் இன்னொருவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரக் கூடாது. தெருவில் சைக்கிளில் வந்தால் தூரத்திலேயே பெல் அடித்து, "நாந்தான்" என்று பேரைச் சொல்ல வேண்டும். நடந்து வந்தாலும் பேரைச் சொல்ல வேண்டும். உன் அம்மா மருமகளாக வந்த புதிதில் சமையலறைக்குள் ஒவ்வொருத்தராக, "நாந்தான், சின்னவன்", "நாந்தான், பெரியவன்" என்று சொல்லிக்கொண்டே நுழைவதைப் பார்த்து, "எல்லாருக்கும் எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனப்பா?" என்று கேட்டாள். ஊரில் நமக்கு மணியடிக்கிற வீடு என்றே பேர். நீ கேட்டபோது, நம் வம்சம் கோவில் யானையின் வம்சம், மணி இல்லாமல் நடக்காது என்றேன். அது பொய். நடந்தது இது.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். ஐயா, உன் அப்பா, நான். உன் அப்பாவுக்கு அப்போது மீசை தடித்த வயது, எனக்கு அரும்பும் வயது. தேர் நிலைக்கு வந்த பிறகு, ஐயா மில் வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். நான் வழக்கம்போல் அவர் கேரியரில் மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பா சிநேகிதனைப் பார்த்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றார். அவருடைய சைக்கிளின் பின் டயர் ஏற்கெனவே நூல் தெரிந்து இளித்துக்கொண்டிருந்தது. ஊர் தாண்டியதும் அது வெடித்திருக்கிறது. உருட்டிக்கொண்டு நடப்பது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். டயரையும் டியூபையும் கழற்றிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, வெறும் ரிம்மிலேயே ஏறி மிதித்து வந்திருக்கிறார்.

மம்சாபுரம் பாதை அப்போது ஜல்லி ரோடு. இரண்டு பக்கமும் வயல். வெயில் சாய்ந்திருந்தது. பின்னால் தூரத்தில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் உருளும் சத்தம். ஐயாவின் முதுகு என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அது ஒரு பலகை மாதிரி விறைத்ததைப் பார்த்தேன். பெடலை மிதிக்கத் தொடங்கினார். அதுவரை அவர் அப்படி மிதித்து நான் கண்டதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் டயர் மாலையோடு உன் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வருகிறார்.

"அண்ணந்தான் வாரான், ஐயா. மெதுவாப் போங்க" என்றேன்.

"திரும்பாத."

"நம்ம அண்ணந்தான். டயர் இல்லாம வாரான்."

"திரும்பாதலே. பிடிச்சுக்கோ."

பின்னால் உன் அப்பா, "ஐயா, நில்லுங்க, நாந்தான்" என்று கத்திக்கொண்டே வேகமாக மிதித்தார். அவர் வேகம் கூட்டக் கூட்ட அந்தச் சத்தம் பெரிதாயிற்று. சத்தம் பெரிதாக ஆக ஐயா இன்னும் வேகமாக மிதித்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பெற்ற மகனோடு பந்தயம் விடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முனகலைக் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் தடாலென்று ஒரு சத்தம். ரிம் வளைந்து உன் அப்பா வாய்க்காலில் போய் விழுந்தார். சத்தம் நின்றதும் ஐயாவின் கால்களும் நின்றன. சைக்கிள் தானாக உருண்டு ஒரு பாலத்துச் சுவரில் போய்ச் சாய்ந்தது. உன் அப்பா சேறும் சகதியுமாக, முழங்கை கிழிந்து, நொண்டிக்கொண்டு வந்து எதிரில் நின்று, "நாந்தான் ஐயா" என்றார். ஐயா அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். கண் தெரியாதவர் தடவுவதுபோல் தடவினார். பிறகு அந்தச் சுவரில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பர்மாப் பக்கம் ஒரு காடு. இடத்தின் பேர் அவர் சொல்லவில்லை. அங்கே ஐயாவும் உன்னைப் போலத்தான், குதிரைக்குப் பதில் சைக்கிள். குதிரையில் உட்கார்ந்தே வாள் வீசுகிறவன் வேறு ஜாதி. இவர்கள் ஏறிப் போய், இறங்கி, காலால் நடந்து சண்டை போடும் காலாட்கள். சைக்கிள் புல் கேட்காது, கனைத்துக் காட்டிக் கொடுக்காது, வரப்பில் போகும், ஓடை வந்தால் தோளில் ஏறிக்கொள்ளும் என்று ஐயா சொன்னார். முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் இவர்கள் வேலை. ஆனால் இறங்கிய இடத்தில் ஒருத்தன் நின்றாக வேண்டும். நாலு பேரில் ஒருவன் சுடாமல் சும்மா நிற்பான். "அவன் சும்மா நிக்கான்னு எல்லாரும் சிரிப்பானுவ. மத்த மூணு பேரு உசிரும் அவன் கையிலதான் இருக்கும்" என்றார். எதிராளி ஜப்பான்காரனும் அந்தக் காட்டில் சைக்கிளில்தான் வந்தான். இவர்களைவிடக் கெட்டிக்காரன். டயர் போனால் கழற்றி எறிந்துவிட்டு ரிம்மிலேயே ஓட்டுவான். கூட்டமாக வந்தால் டாங்கி வருகிறதென்று ஓடியவர்கள் உண்டு. அதனால் ரிம் சத்தம் என்றால் எதிரி என்று எல்லார் காதிலும் பதிந்திருந்தது.

அன்று நாலு பேர் போனார்கள். ஒருவர் நம் வத்திராயிருப்புப் பக்கத்து வ. புதுப்பட்டிக்காரர். குள்ளமான ஆள். அத்தனை தூரத்தில் நம் பேச்சுப் பேச ஐயாவுக்குக் கிடைத்த ஒரே ஆள். தலைமை தாங்கியவர், ஒரு மூங்கில் புதரைக் காட்டி, அதன் நிழல் பாதையைத் தொட்டால் எங்களுக்காக நிற்காதே, திரும்பிப் போய்ப் பார்த்ததைச் சொல், சைக்கிள்களை எதிரி கைக்கு விடாமல் உடைத்துவிட்டுப் போ என்று உத்தரவு போட்டார். மூன்று பேரும் இறங்கினார்கள். புதுப்பட்டிக்காரர் போகும்போது திரும்பி, "ஏலே, என் வண்டியில ஏறி ஒக்காந்து சீட்ட ஏத்தி வச்சுராத. பொறவு எனக்குக் காலு எட்டாது" என்றாராம். ஐயா சிரித்தாராம்.

நிழல் வந்து பாதையைத் தொட்டது. யாரும் வரவில்லை. ஐயா அதற்கு மேலும் நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கத்தியை எடுத்து மூன்று சைக்கிள்களின் டயர்களையும் கிழித்தார். புதுப்பட்டிக்காரரின் சீட் இறக்கிய சைக்கிளைக் கடைசியில் கிழித்தார். செயினையும் உடைக்க வேண்டும். இரண்டில் உடைத்தார். மூன்றாவதான அந்தச் சைக்கிளில் கை ஓடவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தன் சைக்கிளில் ஏறினார். ஒரு வளைவு தாண்டியிருப்பார். பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் உருளும் சத்தம். எதிரி வந்துவிட்டான் என்று மிதித்தார். சத்தம் விடாமல் வந்தது. ஒரு குரலும் கேட்டதாம். காற்றில் என்ன சொன்னது என்று பிடிபடவில்லை. அவர் திரும்பவில்லை. பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஓடையைக் கடந்து அக்கரையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"ஒத்தச் சைக்கிள்" என்றார் ஐயா. "எதிராளி ஒத்தையில வரமாட்டான். டயர கிழிச்சது நான்தான. செயின் உள்ள வண்டி ஒண்ணே ஒண்ணுதான் அங்க நின்னுச்சு."

உன் அப்பாதான் கேட்டார், "அவரு வந்தாரா ஐயா?"

"மூணு பேரும் வரல."

அவர் கொண்டுபோன சேதியால் பின்னால் வந்த பட்டாளக் கம்பெனி வேறு வழியில் திரும்பித் தப்பித்தது. முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அவர் செய்தது உத்தரவு. அதில் ஒரு எழுத்துக் குறை கிடையாது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் வ. புதுப்பட்டிக்குப் போகவே இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் கல்யாணம், காது குத்து என்றால் எங்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொள்வார். போனால் யாராவது வந்து, அவரைக் கடைசியாகப் பார்த்தது நீங்கள்தானா என்று கேட்பார்கள். கேட்டால், பார்க்கவில்லை என்றுதானே அவர் சொல்ல வேண்டும்.

மறுநாள் உன் அப்பா ராஜபாளையம் போய், இருப்பதிலேயே சத்தம் பெரிய பெல்லாகப் பார்த்து வாங்கி வந்து தன் சைக்கிளில் மாட்டினார். ஐயா தூரத்தில் போவதைப் பார்த்தால் அங்கேயே அடிப்பார். "ஐயா, நாந்தான், பெரியவன்" என்பார். எனக்கும் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் வீட்டுக்கே பழகிவிட்டது. உன் அப்பா ஐயாவிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த பெல்தான் அவர் சொன்னது. முதல் சில மாதம் ஐயாவின் முதுகு விறைத்து, பேரைக் கேட்ட பிறகு தளரும். பிற்பாடு விறைப்பது குறைந்தது. ஆனாலும் திரும்ப மட்டும் மாட்டார். நாங்கள்தான் முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும்.

கடைசிக் காலத்தில் ஒருதரம் அவரை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப் போனோம். மழை பெய்து அருவியில் நல்ல தண்ணீர். அவர் குளிக்கவில்லை. கீழே எங்கள் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரெல்லாம் குதிரையேறிக் காவல் சுற்றும் சாமிக்குக் குதிரை பிடிக்க நிற்கும் ஆள் மாதிரி நிற்கிறாரே என்று நான் உன் அப்பாவிடம் கேலி பேசிக்கொண்டேதான் இறங்கி வந்தேன். நாங்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம். பெண்கள் தலை துவட்டியாயிற்று. ஐயா கையை எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு ஐயா. போவமா?" என்றார் உன் அப்பா.

"அவிய வந்துட்டாவளா?"

"யாரு ஐயா?"

உன் அப்பா செத்த நேரம் அந்தப் பாதையைப் பார்த்தார். பிறகு, "வரட்டும் ஐயா, நிப்போம்" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளை வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன். பாதையில் யாரும் வரவில்லை. வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகு ஐயாவே ஹேண்டிலைத் திருப்பினார்.

போறது தப்பா என்று கேட்டாய். உத்தரவை மீறி நில் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது என் வழக்கமான அளப்புகளில் சேர்ந்துவிடும். கீழே சேதிக்குக் காத்திருப்பவர்களும் யார் பெற்ற பிள்ளைகளோதான். ஐயா போனதை நான் ஒருநாளும் தப்பென்று நினைத்ததில்லை. அவரை அறுத்தது போனது இல்லை, திரும்பிப் பார்க்காதது. பார்த்திருந்தால் எதிரியாக இருந்திருக்கும், அவர் செத்திருப்பார், நீயும் நானும் இல்லை. அல்லது புதுப்பட்டிக்காரர் வெறும் ரிம்மில் எம்பி எம்பி மிதித்து வந்திருப்பார், இரண்டு பேராகத் திரும்பியிருப்பார்கள். எதுவாக இருந்தாலும் அது முடிந்திருக்கும். முடியாததால்தான் எங்கள் காலம் முழுக்க அது அவருக்குப் பின்னால் உருண்டு வந்தது. நீ அந்த மூட்டத்தில் சத்தம் கேட்டுத் திரும்பினாய் பார், அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாய். அந்த ஒரு திரும்பல் இந்த வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஆகவே ராஜா, கயிறு பிடிக்கிற வேலையை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்காதே. அது சும்மா நிற்கிற வேலை இல்லை என்று இப்போது உனக்குத் தெரியும். போக வேண்டிய நேரம் வந்தால் போ. ஆனால் பின்னால் சத்தம் கேட்டால் திரும்பு. அதற்கு முன் ஒரு காரியம் செய். அந்த மூன்று பேரோடும் உட்கார்ந்து, உங்களுக்குள் மட்டும் தெரிகிற ஒரு சத்தம் வைத்துக்கொள்ளுங்கள். சீழ்க்கையோ, கல்லில் கல் தட்டுவதோ, மேலதிகாரிகள் எதை ஒப்புக்கொள்வார்களோ அது. இவர் நம்மவர் என்று மூட்டத்திலும் தெரிய வேண்டும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. வாய்க்காலில் விழுந்து எழுந்த உன் அப்பா கண்டுபிடித்தது. பட்டாளத்துக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

ஐயாவின் சைக்கிள் இன்னும் பின்கட்டில்தான் இருக்கிறது. துருப்பிடித்துவிட்டது. சீட் இறக்கியபடியே இருக்கிறது. பழைய இரும்புக்காரன் வந்து கேட்டான், உன் சித்தி ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனை அனுப்பிவிட்டாள். சாயங்காலம் நான் மம்சாபுரம் ரோட்டில் நடந்து போகும்போது சில நாள் அந்தச் சத்தம் கேட்கிறது. இப்போது தார் ரோடு. ரிம்மில் ஓட்டுகிறவன் எவனும் இல்லை. இதில் ஒரு சொல்கூடப் பெருக்கவில்லை. கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் நான் நின்று நன்றாகத் திரும்பிப் பார்க்கிறேன். வெறும் ரோடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். அவர் பங்குக்கும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்.

லீவில் வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்காதே. உன் அப்பாவின் சைக்கிளை அங்கே ஸ்டாண்டில் போட்டு வைக்கச் சொல்கிறேன். பெல்லுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். தெருமுனையில் வரும்போதே அடி. பேரைச் சொல். நான் வாசலில் உனக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன், வேண்டுமென்றே. திரும்புவேன்.

உன் சித்தப்பா